இரண்டு வாரக் கணக்கு

2025ஆம் ஆண்டு மே 7ஆம் நாள். பருவத் தேர்வுகள் நடந்துகொண்டிருந்த காலம். தேர்வறை திறப்பதற்காகக் காத்திருந்த மாணவர்களில் பாதிப் பேர் புத்தகத்தை மூடிவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதற்குப் பதிலடியாக நம் படைகள் எல்லைக்கு அப்பால் இரவில் தாக்கியிருந்த செய்தி அன்று காலைதான் வந்திருந்தது. இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் அருகில் வந்து, "சார், போர் வந்தாலும் ஒரு வாரத்துல முடிஞ்சிருமாம்லா?" என்றான். அவன் குரலில் அச்சத்தைவிட ஆவல் அதிகமாக இருந்தது. மணி அடித்துவிட்டது. விடை சொல்லாமலே வினாத்தாள் கட்டைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

மே 10 மாலையில் சண்டை நின்றது. அவனும் கேட்டதை மறந்திருப்பான். எங்களால்தான் அந்த 'ஒரு வாரத்தை' மறக்க முடியவில்லை.

'எங்களால்' என்று சொன்னதற்கு விளக்கம் தேவை. நாங்கள் மூவர். பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். மில் சங்கு ஒலிக்கக் கண்விழித்து, மறுசங்குக்குப் பள்ளிக்கூடம் ஓடி, பின்னர் முதுகலைத் தமிழை ஒரே வகுப்பில் படித்து, இன்று வெவ்வேறு கல்லூரிகளில் தமிழ் கற்பிப்பவர்கள். எழுதும் கை ஒன்று என்றாலும் இதிலுள்ள நினைவும் தவறும் மூவருக்கும் பொது. ஆகவே ஒருமையில் எழுத மனம் வரவில்லை.

*

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஊர் அவரை மிலிட்டரிக்காரர் என்றது. நாங்கள் மிலிட்டரி மாமா என்றோம். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். 1987 ஆகஸ்டில் இலங்கைக்குச் சென்ற அமைதிப் படையில் அவரும் இருந்தார். எங்களுக்கு அப்போது ஏழு வயது. அவர் வீட்டு வானொலியைச் சுற்றிப் பெண்கள் கூடி நின்று மாநிலச் செய்தி கேட்டதும், 'யாழ்ப்பாணம்' என்ற சொல் வரும்போதெல்லாம் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதும் நினைவிருக்கின்றன.

ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அடுத்த நாள் முதல் நம் படையினர் அங்கே இறங்கத் தொடங்கினர். தொடக்க வாரங்களில் யாழ்ப்பாணத்து மக்கள் அவர்களுக்கு மாலையிட்டு வரவேற்றார்கள். மாமாவும் மாலை வாங்கியவர்தான். தமிழ் தெரிந்ததால் லாரி ஓட்டுவதோடு மொழிபெயர்ப்பு வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஒரு வீட்டு வாசலில் ஓர் ஆச்சி அவரை நிறுத்தி, "எந்த ஊர் மோனே?" என்று கேட்டாராம். பாபநாசம் என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் என்று எண்ணிவிடுவாரோ எனத் தயங்கி, "தாமிரபரணிக் கரை" என்றாராம் இவர். உள்ளே சென்று செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த ஆச்சி, "அப்ப நீ எங்கட பிள்ளைதான்" என்றாராம்.

ஆச்சி என்ன எண்ணிச் சொன்னாரோ அறியோம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மிகப் பழைய உறவொன்று உண்டு. இலங்கையின் பழம்பெயர்களில் ஒன்று தம்பபண்ணி. கிரேக்கர் நாவில் அது தப்ரபேன் ஆயிற்று. பொதிகையில் பிறந்து எங்கள் படித்துறையைத் தொட்டுச் செல்லும் ஆற்றின் பெயரும் அந்தத் தீவின் பெயரும் ஒன்றே. யாரிடமிருந்து யாருக்குப் பெயர் சென்றது என்பதை ஆய்வாளர்கள் பேசிக்கொள்ளட்டும். மாமா அதையெல்லாம் படித்தவரல்லர். தண்ணீர் வாங்கிக் குடித்தார், அவ்வளவே.

அந்தத் தண்ணீர் குடித்த சில வாரங்களில் எல்லாம் மாறிவிட்டது. செப்டம்பர் 26 அன்று நல்லூரில் திலீபன் உண்ணாநோன்பிலேயே உயிர் துறந்தார். அக்டோபர் 5 அன்று, இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருந்த புலிகளில் பன்னிருவர் பலாலியில் நஞ்சருந்தி இறந்தனர். கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அக்டோபர் இரண்டாம் வாரத்தில், அமைதி காக்கச் சென்ற படை போர்ப்படையாயிற்று. மாலை வாங்கிய கைகள் துப்பாக்கி ஏந்த இடையில் இருந்தவை பத்தே வாரங்கள்.

*

இனி எங்கள் தவற்றுக்கு வருவோம்.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. பிரதமர் வாஜ்பாய் படைகளை மேற்கு எல்லைக்கு நகர்த்த ஆணையிட்டார். நாடு முழுவதும் ஒரே பேச்சு. நாங்கள் அப்போது முதுகலை மாணவர்கள். 2002 பொங்கலை ஒட்டி ஊர் இளைஞர் மன்றத்தில் பட்டிமன்றம். பயங்கரவாதத்துக்குத் தீர்வு போரா, பேச்சா என்பது தலைப்பு. நாங்கள் மூவரும் ஒரே அணி: போரே தீர்வு.

என்னவெல்லாம் பேசினோம் என்பதை எண்ணினால் இன்றும் கூசுகிறது. புறநானூற்றுத் தாயரை ஒருவர் பின் ஒருவராக மேடையேற்றினோம். மகன் முதுகில் புண்பட்டு விழுந்தான் என்று கேட்டுச் சினந்த முதியவளைச் சொன்னபோது எழுந்த கைத்தட்டல் ஓய்ந்தபாடில்லை. தயங்கி நிற்கும் தலைவனுக்கு அறிவுரை சொல்ல ஆளில்லையா என்று வாஜ்பாயைக் கேலி செய்தோம். அதற்குச் சில நாள் முன்புதான், ஜனவரி 12 அன்று, முஷாரப் தொலைக்காட்சியில் தோன்றித் தம் நாட்டுத் தீவிரவாத அமைப்புகளைத் தடை செய்வதாக அறிவித்திருந்தார். அதையும் நரியின் கண்ணீர் என்று தள்ளினோம். நடுவர் எங்கள் பக்கமே தீர்ப்பளித்தார். ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு பரிசு.

கூட்டம் கலைந்த பிறகு தேநீர்க் கடையில் மாமா நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் மூன்று டீ சொன்னார். "நல்லாப் பேசுனிய. தமிழ் படிச்ச புள்ளைய பேச்சுன்னா பேச்சுதான்" என்றார். பிறகு கிளாஸை ஆற்றியபடி கேட்டார்:

"ஒரு சந்தேகம் மட்டும். எத்தனை நாள்ல முடிப்பிய?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் துணிந்தவன் சொன்னான்: "பத்து நாள் போதும் மாமா. நம்ம படை அப்படி."

மாமா சிரிக்கவில்லை. "எங்களுக்குப் பதினஞ்சு நாள்னாங்க" என்றார். காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அது ஒரு பேச்சு என்றே அன்று நினைத்தோம். பல ஆண்டுகள் கழித்து, அப்போது கொழும்பில் நம் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் 1998இல் எழுதிய 'அசைன்மென்ட் கொழும்பு' நூலைப் படிக்க நேர்ந்தது. புலிகள் ஒப்பந்தத்தை மீறி எதிர்த்தால் என்ன செய்வது என்று ராஜீவ் காந்தி கேட்டபோது, தரைப்படைத் தளபதி சுந்தர்ஜி, இரண்டு வாரத்தில் அவர்களைச் செயலிழக்கச் செய்துவிடலாம் என்று சொன்னதாக அதில் தீட்சித் பதிவு செய்கிறார். படித்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவர் நூலை மூடி வைத்துவிட்டு மற்ற இருவரையும் தொலைபேசியில் அழைத்தார். தில்லியில் மேசையைச் சுற்றிச் சொல்லப்பட்ட கணக்கு, படிப்படியாக இறங்கி, விக்கிரமசிங்கபுரத்து லாரி ஓட்டுநரின் காதுவரை வந்திருந்தது. நாங்களோ அதை இன்னும் ஐந்து நாள் குறைத்து மேடையடியில் விற்றிருக்கிறோம்.

*

ஒரு தலைவரின் முடிவைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக அவரது துணிவையோ கோழைத்தனத்தையோதான் பேசுகிறோம். அவரைச் சுற்றி யார் இருந்தார்கள், யார் இல்லாமல் போனார்கள் என்று பார்ப்பதில்லை. வள்ளுவர் பொருட்பாலில் அதிகாரங்களை அடுக்கியுள்ள முறையை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் இது உறைக்கும். பெரியாரைத் துணைக்கோடல் 45ஆம் அதிகாரம். அடுத்தது சிற்றினம் சேராமை. அதன் பின்னரே தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். வலிமையைக் கணக்கிடுவதற்கு முன், அந்தக் கணக்கைச் சரிபார்க்கத்தக்க மனிதர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வரிசையிலேயே இருக்கிறது. செய்யுளின் பொருளைச் சொல்லும் அவசரத்தில் வரிசையின் பொருளை நாங்கள் பலகாலம் சொல்லாமலே விட்டிருக்கிறோம்.

1987இன் ராஜீவ் காந்தியை அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். இந்திரா காந்தி 1983இல் இலங்கைச் சிக்கலுக்கெனச் சிறப்புத் தூதராக அனுப்பியவர் ஜி. பார்த்தசாரதி. பொறுமையும் நுணுக்கமும் கொண்ட மூத்தவர். 1985இல் வெளியுறவுச் செயலாளர் ரொமேஷ் பண்டாரி முன்னுக்கு வர, பார்த்தசாரதியின் குரல் தேய்ந்தது. அடுத்த வெளியுறவுச் செயலாளர் ஏ.பி. வெங்கடேஸ்வரன். 1987 ஜனவரியில் செய்தியாளர் கூட்டமொன்றில், அவர் அமர்ந்திருந்த அவையிலேயே, விரைவில் புதிய வெளியுறவுச் செயலாளர் வருவார் என்று பிரதமர் சொல்லிவிட்டார். அன்றே பதவி விலகினார் வெங்கடேஸ்வரன். ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் வி.பி. சிங் விலகினார். ஜூலையில், பாதுகாப்புத் துறை இணையமைச்சரும் நெருங்கிய நண்பருமான அருண் சிங்கும் விலகினார். ஒவ்வொருவர் விலகலுக்கும் காரணம் வேறு வேறு. போஃபர்ஸ் புயல் வீசிய ஆண்டு அது. இவர்கள் எல்லோரும் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்லத் துணியோம். ஆனால் ஜூலை இறுதியில் கொழும்புக்கு விமானம் ஏறியபோது, 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்திருந்தார்கள் என்பது தெளிவு. படை அனுப்பும் முடிவு அமைச்சரவையைக் கலக்காமல் கொழும்பிலேயே எடுக்கப்பட்டது என்று, அன்று அமைச்சராக இருந்த நட்வர் சிங் 2014இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதினார்.

தமிழறியாதவர்கள் செய்த தவறு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. சுந்தர்ஜி செங்கற்பட்டில் பிறந்தவர். கூரிய அறிவும் துணிவும் மிக்கவர். நவீன இந்தியப் படையின் சிந்தனையாளர்களில் ஒருவராக இன்றும் மதிக்கப்படுபவர். புலிகள் உள்ளிட்ட இயக்கங்களுக்கு 1983 முதல் பயிற்சி அளித்ததும் நம் உளவு அமைப்பே. எனவே அறியாமை என்பதும் முழுப் பொருத்தமில்லை. தாம் வளர்த்த பிள்ளை தம்மை எதிர்க்காது என்றும், எதிர்த்தாலும் தாங்காது என்றும் எண்ணும் மிதப்பு அது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பங்காளிச் சண்டையில் காட்டும் அதே மிதப்பு.

தலைவர் கேட்ட கேள்வி சரியானதே என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்த்தால் என்ன செய்வது என்று ராஜீவ் கேட்கத்தான் செய்தார். இரண்டு வாரம் என்று விடை வந்ததும், 'இரண்டு வாரத்தில் எது முடியும்?' என்று அடுத்த கேள்வி கேட்க அங்கே ஆள் இருந்ததாகத் தெரியவில்லை.

ஏனென்றால், ஒரு பொருளில் சுந்தர்ஜியின் கணக்கு பலித்தது. அக்டோபர் 11, 12 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டவர்களை எதிர்பார்த்துப் புலிகள் காத்திருந்தனர். சீக்கிய இலகு காலாட்படையின் முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் மாண்டனர், ஒருவர் சிறைப்பட்டார். அக்டோபர் 21, 22இல் யாழ் மருத்துவமனைக்குள் நுழைந்த நம் படையினரின் துப்பாக்கிகளுக்கு மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் பலியாயினர். இத்தனைக்கும் பிறகு, மாத இறுதிக்குள் யாழ்ப்பாண நகரம் பிடிபட்டது. ஏறத்தாழ இரண்டு வாரம்தான். நகரம் முடிந்தது, போர் அங்கிருந்துதான் தொடங்கியது. காடுகளுக்குள் நகர்ந்த புலிகளைத் தேடி, ஒரு டிவிஷனாகச் சென்ற படை நான்கு டிவிஷனாகப் பெருகிற்று. கடைசி வீரர் 1990 மார்ச் 24 அன்று திரிகோணமலையிலிருந்து கப்பலேறினார். போர் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 128 வாரம். நம் பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அங்கே மாண்ட பொதுமக்களுக்கு எல்லோரும் ஒப்பும் கணக்கு இல்லை.

மாமா கடைசிக் கப்பல்களில் ஒன்றில் வந்தார். சென்னையில் படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அன்றைய தமிழ்நாட்டின் பெரும்பகுதி உணர்வு. அதை மறுப்பதற்கில்லை. மாமாவும் மறுக்கவில்லை. "மாலை யாழ்ப்பாணத்துல போட்டாக. மெட்ராசுல யாரும் வரல. ரெண்டும் எங்களுக்குத்தானான்னு தெரியல" என்று ஒருமுறை சொன்னார். அந்த ஆச்சி வீட்டுப் பக்கம் பிறகு போனீர்களா என்று நாங்கள் கேட்டோம். போனேன் என்றார். மேலே கேட்காதே என்பது அவர் முகத்தில் இருந்தது.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஊரில் கடைகள் அடைத்துக் கிடந்தன. எங்களுக்குப் பதினோரு வயது. தெருமுனையில் கூடியிருந்தவர்களில் ஒருவர் மாமாவைப் பார்த்து, "அவனுகள அப்பவே முடிச்சிருக்கணும்" என்றார். "முடிக்கலாம்னுதான் போனோம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் சென்றவர் மூன்று நாள் வெளியே வரவில்லை.

போர் தொடங்கியபோது ராஜீவுக்கு வயது 43. இன்று நாங்கள் மூவரும் அவ்வயதைக் கடந்துவிட்டோம். அவரை நினைக்கும்போது முன்பிருந்த எளிய கோபம் இப்போது வருவதில்லை. நல்லெண்ணத்தோடு ஒரு சிக்கலை முடித்துவிட விழைந்த, விரைவை நம்பிய, தன்னைவிட உறுதியாகப் பேசியவர்களிடம் விடை பெற்றுக்கொண்ட ஒரு நடுவயதினர் தெரிகிறார். வகுப்பறை என்ற சின்னஞ்சிறு அரசில் நாங்களும் அப்படித்தான் முடிவெடுக்கிறோம். இழப்பின் அளவு மட்டுமே வேறு.

*

உலகின் பெரிய அவைகளிலும் இதே காட்சிதான். 2003 பிப்ரவரியில் அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் எரிக் ஷின்செக்கி, ஈராக்கைப் பிடித்த பின் நிலைநிறுத்தப் பல லட்சம் வீரர் தேவைப்படலாம் என்று செனட் குழுவின் முன் சொன்னார். பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் வுல்ஃபோவிட்ஸ் அந்தக் கணிப்பு அறவே பிழை என்று சில நாளிலேயே ஒதுக்கித் தள்ளினார். மார்ச் 20 அன்று போர் தொடங்கியது. மூன்றே வாரத்தில், ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்தது. மே 1 அன்று புஷ் போர்க்கப்பலில் நின்று வெற்றியறிவித்தார். அங்கும் நகரம் முடிந்தது. போர் அதன் பின்னரே தொடங்கியது. எந்தப் பேரழிவு ஆயுதங்களுக்காகப் போர் என்றார்களோ அவை கிடைக்கவேயில்லை.

அந்த ஈராக்குக்கு நம் வீரர்களை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டது. அரசுக்குள்ளேயே அனுப்பலாம் என்ற எண்ணம் கொண்டோர் இருந்தனர். பிரதமர் வாஜ்பாய் இழுத்தடித்தார் என்று ஏடுகள் எழுதின. எதிர்க்கட்சித் தலைவர் சோனியா காந்தியோடு பேசினார், பிறரையும் கலந்தார், 2003 ஜூலை 14 அன்று, ஐ.நா.வின் தெளிவான ஆணையின்றி அனுப்ப இயலாது என்று அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு அறிவித்தது. எங்கள் மேடையில் எவரைத் தயக்கக்காரர் என்று நகையாடினோமோ அவரது தயக்கம், எத்தனையோ அத்தைமார் வாயில் முந்தானை வைக்காமல் இருக்கக் காரணமாயிற்று.

2001-02இல் எல்லையில் படை நிறுத்திய கதையையும் ஒருபக்கமாகச் சொல்லிவிடக் கூடாது. பத்து மாதம் படைகள் எல்லையில் நின்றன. போர் வரவில்லை. ஆனால் கண்ணிவெடிகளாலும் விபத்துகளாலும் நூற்றுக்கணக்கான வீரர்கள் இறந்தனர். என்ன நோக்கத்துக்காக நிறுத்தினோம் என்று படைத்தலைவர்களே பின்னர் கேட்டனர். 2002 மே மாதம் காலுசக்கில் படையினரின் குடும்பங்கள் தாக்கப்பட்ட பின், தீர்வான போருக்கு ஆயத்தமாகுங்கள் என்று வாஜ்பாயே குப்வாராவில் வீரர்களிடம் பேசினார். தயங்குவதற்கும் விலை உண்டு. பயங்கரவாதத்தின் முன் ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு முடிவே. அதற்கும் யாரோ ஒரு வீட்டில் விலை கொடுக்கிறார்கள். இதை ஒப்புக்கொள்ளாமல் போரெதிர்ப்புப் பேசுவது, நாங்கள் அன்று போர் பேசியதைப்போலவே எளிய பட்டிமன்றமாகிவிடும்.

*

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் எங்களை இன்னொன்றும் உறுத்துகிறது. அதே புறநானூற்றில் கோவூர்கிழார் இருக்கிறார். நலங்கிள்ளி முற்றுகையிட, நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைபட்டிருந்தபோது இருவருக்கும் இடையே நின்றவர். பகைவர் என எண்ணும் இருவரும் ஒரே குடியின் மாலையை அணிந்தவர்கள், எவர் தோற்றாலும் தோற்பது அக்குடியே என்று எடுத்துச் சொன்னவர். மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடவிருந்த கிள்ளிவளவனிடமும் அஞ்சாது பேசியவர். பரிசில் வாங்கிப் பிழைத்த புலவர், ஆனாலும் இடித்துரைத்தார். அவர் பாடல்கள் எங்களுக்கு அன்றே மனப்பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். மேடை ஏறியபோது அவரை வீட்டிலேயே விட்டுச் சென்றோம். கைத்தட்டல் வேறு தாயாரிடம் இருந்தது.

தலைவனின் ஆலோசகர்கள் தில்லியில் மட்டும் இல்லை. ஊர்தோறும் மேடைகளில், தேநீர்க் கடைகளில், இன்று கைபேசிகளில், ஆயிரமாயிரம் பேர் ஒரே விடையை உரத்துச் சொல்லும்போது, மாற்று விடை வைத்திருக்கும் அறிவுடையோன் அவையில் வாயைத் திறக்கத் தயங்குகிறான். அவ்வகையில் 2002 ஜனவரியில் நாங்களும் ஆலோசகர்களாக இருந்தோம், ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டுக் கூலிக்கு.

வரலாற்றில் போருக்கு வருந்திய மன்னன் என்று நாம் வகுப்பில் சொல்பவர் அசோகர். அவரது பதின்மூன்றாம் பாறைச் சாசனம் கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டதையும் சொல்லி வருந்துகிறது. சோழரையும் பாண்டியரையும் தம்பபண்ணியையும் குறிப்பிடுவதும் அதே சாசனம்தான். ஆனால் கலிங்க நிலத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தச் சாசனம் பொறிக்கப்படவில்லை. தோற்றவர்களிடம் வருத்தத்தைச் சொல்ல அசோகராலும் இயலவில்லை போலும். வருந்துவது அரிது, உரியவர் முன் வருந்துவது அதனினும் அரிது.

*

மாமா 2019இல் காலமானார். அதற்கு முன், ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் பாபநாசம் கோயில் எதிரே படித்துறையில் அவரைப் பார்க்கலாம். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் செல்லும் கூட்டம் ஒருபுறம், தர்ப்பணக் கூட்டம் ஒருபுறம், கழற்றி விடப்பட்ட துணிகள் காலைச் சுற்றும் நீரில் நின்றுகொண்டு எள்ளும் தண்ணீரும் விடுவார். தாய் தந்தையர் பெயரோடு நிறுத்தமாட்டார். சட்டைப்பையில் ஒரு சின்ன டைரி. அதைப் பார்த்து, ஐயரின் நாவில் புரளாத பஞ்சாபிப் பெயர்களையும் கட்வாலிப் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்வார். அமைதிப் படையில் தம்மோடு இருந்து திரும்பாதவர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

2025 ஆடி அமாவாசைக்கு நாங்கள் மூவரும் சேர்ந்து ஊருக்குச் சென்றிருந்தோம். மாமாவின் மகன் நீரில் நின்றுகொண்டிருந்தான். கையில் அதே டைரி. அப்பா செய்ததை நிறுத்த மனமில்லை அண்ணாச்சி, வாசித்துவிடுகிறேன், யார் எவர் என்று தெரியாது என்றான். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தான். கடைசி வரியில் வந்து நின்றான். அங்கே பெயர் இல்லை. 'தண்ணீர் கொடுத்த ஆச்சி' என்று மட்டும் எழுதியிருந்தது.

"இது யாரு அண்ணாச்சி? எங்க ஆச்சியா?" என்று கரையை நோக்கிக் கேட்டான்.

ஆமாம் என்றுதான் சொன்னோம். எள்ளை நீரில் விட்டான். பிறகு, கூட்டம் குறைந்த படியில் அமர்ந்து, அந்த ஆச்சியைப் பற்றி நாங்கள் அறிந்த அவ்வளவையும் அவனுக்குச் சொன்னோம். அடுத்த வாரம் வகுப்பில், மே மாதம் விடை பெறாமல் போன அந்த மாணவனுக்கும் சொன்னோம். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப எத்தனை நாள் சார் ஆகும்?" என்றான்.

தெரியாது என்றோம்.